பூமிசாத்திரத்திலிருந்து புவியியலுக்கு: இடைநிலை வகுப்பில் உலகம் கற்பிக்கப்பட்ட வரலாறு

இலங்கைத் தமிழ்ப் பாடசாலைகளிற் கற்பிக்கப்படும் பாடங்களுள், தன் பெயரைப் பன்முறை மாற்றிக்கொண்ட பாடம் புவியியலைப்போற் பிறிதொன்று இல்லை எனலாம். கணிதம் கணிதமாகவே இருந்துவருகின்றது. இலக்கணம் இலக்கணமாகவே இருந்துவருகின்றது. புவியியலோ முதலிற் பூமிசாத்திரம் எனப்பட்டது. பின்னர்ப் பூகோளம் எனவும் பூகோள சாத்திரம் எனவும் வழங்கிற்று. அதன்பின் புவியியல் ஆயிற்று. இடையே முப்பத்தைந்து ஆண்டுகள், இடைநிலை வகுப்புக்களிலே, தனக்கெனப் பெயரின்றிச் சமூகக் கல்வி என்னும் பொதுப் பெயருள் மறைந்துங் கிடந்தது. பெயர் மாறியபோதெல்லாம் மாணவனிடம் எதிர்பார்த்ததும் மாறியது. உலகத்தைப் பற்றி அவன் எதனைச் சொல்லவேண்டும், எதனை வரையவேண்டும், எதனை நம்பவேண்டும் அல்லது நம்பாதொழியவேண்டும் என்பன காலந்தோறும் வேறுவேறாக விதிக்கப்பட்டன. அவ்விதிகளின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதனை எழுதுவோன் ஆசிரியத் தொழில் புரிவது ஈச்சிலம்பற்றில் ஆதலின், அவ்வூரின் ஆறும் கடலும் இடையிடையே உரைகல்லாக வந்து நிற்கும். இதனை ஊர்ப்பற்று என வாசகர் கொள்ளினும் குற்றமில்லை. வேறொரு காரணமும் உண்டு என்பது பின்னர்ப் புலனாகும்.

ஈச்சிலம்பற்று, திருகோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவையும் மூதூரையும் கடந்து செல்வார்க்கு எதிர்ப்படும் தாழ்ந்த கரையோரப் பகுதி. இலங்கையின் மிக நீண்ட நதியாகிய மகாவலி கங்கை, மலைநாட்டிற் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடி, இப்பக்கத்திலேதான் கடலை அடைகின்றது. அதன் ஒரு கிளை வெருகலாறு என்னும் பெயருடன் எமது எல்லையிற் கடலொடு கலக்கின்றது. ஆறு, களப்பு, மணல்மேடு, வயல், கடல் ஆகிய ஐந்தும் ஒரு காலை நடைத் தூரத்துள் அடங்கிய நிலம் இது. புவியியல் ஆசிரியனுக்கு இதனினுஞ் சிறந்த ஆய்வுகூடம் கிடைத்தல் அரிது. எனினும் இந்நிலத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்த புவியியலில் இந்நிலம் இடம்பெற்றதில்லை. அஃது ஏன் என்பதே ஆராயத்தக்கது.

பாதிரிமார் பாடசாலைகள் தோன்றுமுன்னர் நம்மவரிடையே புவியியல் என்றொரு தனிப் பாடம் இருக்கவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நெடுங்கணக்கும் எண்சுவடியும் நிகண்டும் நீதிநூல்களும் பயின்ற பிள்ளைக்கு, உலகத்தின் வடிவு புராண படனத்தின் வாயிலாகவே வந்துசேர்ந்தது. கந்தபுராணத்து அசுர காண்டத்திலுள்ள அண்டகோசப் படலம் மேருவை நடுவே நிறுத்தி, ஏழு தீவுகளையும், உப்பு, பால், தயிர், நெய் முதலியவற்றாலான ஏழு கடல்களையும் ஒன்றையொன்று சூழ வைக்கின்றது. கோயிலில் அதனைப் பயன்சொல்லக் கேட்ட எவரையும் எவரும் வரைபடம் வரையச் சொன்னதில்லை. அண்டத்தின் பெருமையையும் அதனைப் படைத்தானின் பெருமையையும் உணர்ந்து கேட்பவன் தலைவணங்குதலே அப்படலம் எதிர்பார்த்தது. அதனை ஒரு புவியியற் பாடநூல் எனக் கொண்டு பிழைபிடித்தது பிற்காலத்தார் செயல்.

தொழிலுக்கு வேண்டிய நில அறிவோ வேறு வழியில் ஓடிற்று. கிழக்குக் கரையின் மீன்பிடிகாரர் வாடையையும் கச்சானையும் நாள் தவறாது அறிவர். கதிர்காமத்திற்குக் கால்நடையாகச் சென்ற அடியார்கள் வெருகற் சித்திரவேலாயுதர் சந்நிதியிற் தங்கிச் செல்லும் வழக்கமுடையராதலின், வடக்கிலிருந்து தெற்கு வரை எந்த ஆற்றுமுகத்தை எந்த மாதத்திற் கடக்கலாம் என்பதைக் காலால் அளந்து வைத்திருந்தனர். இவ்வறிவுக்குப் புத்தகமும் இல்லை, பரீட்சையும் இல்லை.

அமெரிக்க மிசனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1823 இல் வட்டுக்கோட்டையிற் செமினரி தொடங்கியது. டானியேல் பூர் பாதிரியார் அதன் முதல் அதிபர். ஆங்கிலம், தமிழ், கணிதம் என்பவற்றுடன் பூமிசாத்திரமும் வானசாத்திரமும் அங்குக் கற்பிக்கப்பட்டன. இவ்விரண்டையும் மிசனரிமார் அறிவின்பொருட்டு மட்டும் கற்பித்தாரல்லர். உலகம் உருண்டையானது என்பதும், அதனைச் சுற்றிவந்த மாலுமிகள் பாற்கடலையோ நெய்க்கடலையோ கண்டாரல்லர் என்பதும் மாணவன் மனத்திற் பதிந்துவிடின், புராணத்தின்மீது அவன் கொண்ட நம்பிக்கை தளரும், அது தளரவே சமய நம்பிக்கையும் தளரும் என்பது அவர்கள் எண்ணம். 1829 இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கணிப்பைப் பற்றிச் சுதேச பஞ்சாங்கக் கணிதருக்கும் பூர் பாதிரியாருக்கும் இடையே எழுந்த வாதம் யாழ்ப்பாணக் கல்வி வரலாற்றிற் பெயர்பெற்றது. ஆகவே தமிழ் மாணவனிடம் பூமிசாத்திரம் முதன்முதல் எதிர்பார்த்தது ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றுவதாகும். வகுப்பறையில் வைக்கப்பட்ட பூகோள உருண்டை வழக்கொன்றிற் சாட்சியாக நிறுத்தப்பட்ட பொருள் போன்றது. சாட்சியை வினாவலாம், அதனோடு விளையாடல் ஆகாது.

இவ்வழக்கில் ஒரு வேடிக்கையும் உண்டு. பூமி உருண்டை என்பது நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. 499 ஆம் ஆண்டில் ஆரியபடர் இயற்றிய நூலும், சூரிய சித்தாந்தமும், பின்வந்த பாஸ்கரரும் பூமியைக் கோளமாகவே கொண்டனர். பூகோளம் என்னும் சொல்லே அதற்குச் சான்று. பூ என்பது பூமி, கோளம் என்பது உருண்டை. புராணத்தை வெல்வதற்குச் சித்தாந்த நூல்களையே கருவியாகக் கொள்ளலாம் என்று வட இந்தியாவில் லான்சலொட் வில்கின்சன் என்பார் 1834 இல் எழுதினார். வட்டுக்கோட்டையிற் பூருக்குப் பின் அதிபராயிருந்த ஹொய்சிங்ரன் பாதிரியார் 1848 இல் வெளியிட்ட சோதிட நூலும் சுதேச வானசாத்திரத்தை ஆராய்ந்தே எழுந்தது. ஆக, இரு பக்கத்தாரும் ஒப்புக்கொண்ட ஒன்றைப் பற்றியே வகுப்பறையிற் பெரும் போர் நடந்தது. சைவர் தரப்பில் இதற்கு வந்த சிறந்த மறுமொழி வாதத்தால் வந்ததன்று. 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், பாலபாடங்களோடும் இலக்கண நூல்களோடும் இலங்கைப் பூமிசாத்திரம் ஒன்றையும் எழுதிவைத்தார். சமயத்தைக் கைவிடாமலே பூமிசாத்திரம் படிக்கலாம் என்பதை அவர் வாதித்து நிறுவாமற் செய்தே காட்டினார். நூல் இலங்கையைப் பற்றியது என்பதும் கருதத்தக்கது. சொந்த நாட்டிலிருந்து தொடங்கவேண்டும் என்னும் முறை அதில் அடங்கிக் கிடக்கின்றது.

தமிழகத்தில் திருநெல்வேலிப் பகுதியிற் பணிபுரிந்த இரேனியஸ் பாதிரியார் எழுதிய பூமிசாஸ்திரம் 1832 இற் சென்னையில் அச்சேறியது. மேனாட்டு முறையிற் தமிழில் எழுந்த அறிவியல் நூல்களுள் அதனை முதல் வரிசையில் வைப்பர். உலகின் தேசங்கள் அனைத்தையும் தமிழெழுத்தில் அடக்கிச் சொல்லமுற்பட்ட அந்நூலாசிரியர் பட்ட இடர் எளிதன்று. ஊர்ப்பெயர்களையும் மலைப்பெயர்களையும் எவ்வாறு எழுதுவது என்பதில் இன்றும் நாம் முடிவு கண்டோமில்லை. ஒரே ஆற்றின் பெயர் பாடநூலில் ஒருவிதமாகவும் வினாத்தாளில் மற்றொரு விதமாகவும் அச்சாதலைக் கண்ட ஆசிரியர் இதனை உணர்வர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விதிப்பவர் மாறினர். 1869 இற் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பெற்றது. அதன்பின் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்குப் பரிசோதகர் வருவாராயினர். மாணவர் பரிசோதனையிற் பெற்ற பெறுபேற்றுக்கேற்பப் பணம் அளிக்கும் முறையும் வந்தது. 1880 முதல் கேம்பிறிட்ஜ் பரீட்சைகளும், 1882 முதல் இலண்டன் மற்றிக்குலேசன் பரீட்சையும் இலங்கையில் நடைபெற்றன. சமயவாதி எதிர்பார்த்தது மனமாற்றம். பரிசோதகர் எதிர்பார்த்தது உடனடி விடை. அரைநாளில் ஒரு பாடசாலையை அளந்துவிடவேண்டிய ஒருவருக்கு, முனைகள், குடாக்கள், தலைநகர்கள் என்பவற்றின் பெயர்களைக் கேட்பதே வசதி. பிள்ளைகளும் அவற்றை ஒப்புவித்தனர். பிரித்தானியத் தீவுகளின் ஆறுகளை வடக்கிலிருந்து தெற்காகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத் தன்னூர் ஆறு எங்கே பிறக்கின்றது என்பது தெரியாதிருந்தது. தெரிந்திருந்தாலும் அதற்குப் புள்ளி கிடைத்திராது.

சுவரிற் தொங்கிய உலகப்படத்திலே பேரரசின் நாடுகள் செந்நிறம் பூண்டிருந்தன. கப்பல்வழிகளைக் குறித்த படங்களிற் திருகோணமலையும் ஒரு புள்ளியாக இருந்தது: ஏடன், கொழும்பு, சிங்கப்பூர், ஹொங்கொங் என்னும் வரிசையிற் கடற்படைக்குரிய ஒரு துறை. அப்புள்ளியின் உள்ளே குடியிருந்தோர் படத்துக்கு வேண்டப்பட்டாரல்லர். இதற்கு நெடுங்காலம் முன்னரே கொட்டியாரம் மேனாட்டார் புவியியலில் இடம்பெற்றுவிட்டது. புயலிற் பாய்மரம் இழந்த கப்பலைச் செப்பனிடக் கொட்டியாரக் குடாவை அடைந்த றொபேட் நொக்ஸ் 1660 இல் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பட்டார். 1679 இற் தப்பியோடிய அவர் 1681 இல் இலண்டனில் வெளியிட்ட நூல், கண்டி இராச்சியத்தின் படத்தோடு வந்தது. ஐரோப்பிய மொழிகள் சிலவற்றிலும் பெயர்க்கப்பட்டது. அதற்கும் முன், இரண்டாம் நூற்றாண்டிற் தொலமி தப்ரபேன் என்னும் இத்தீவைப் பன்மடங்கு பெருப்பித்துக் குறித்தபோது, அதிலோடும் ஒரு நதிக்குக் கங்கை என்று பெயரிட்டார். அது மகாவலியே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அலெக்சாந்திரியாவில் இருந்தவரும் இலண்டனில் இருந்தவரும் எமது ஆற்றுமுகத்தைப் படித்திருக்க, அவ்வாற்றுமுகத்துப் பிள்ளை தேம்ஸ் நதியை மனனஞ் செய்தது.

இங்கிலாந்திலேயே இம்முறைமீது வெறுப்பு எழுந்துவிட்டது. புவியியற் கல்வியின் நிலைபற்றி அரச புவியியற் கழகத்தின்பொருட்டு ஸ்கொட் கெல்டி ஆராய்ந்து அளித்த அறிக்கை 1885 இல் வந்தது; அங்குக் கற்பித்தல் எத்துணை வறட்சியுற்றது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். 1887 இல் ஆர்ச்சிபால்ட் கைக்கி புவியியலைக் கற்பித்தல் பற்றி ஒரு நூலே எழுதினார். பிள்ளையின் கண்ணுக்கு எட்டிய நிலத்திலிருந்து தொடங்கி, அதனை அளவுகோலாகக் கொண்டு தூரதேசங்களை விளங்கவைக்கவேண்டும் என்பது அவர் வற்புறுத்திய முறை. சுவிற்சர்லாந்திற் பெஸ்தலோசி இதற்கு நெடுநாள் முன்பே மாணவரைப் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் சென்று களிமண்ணால் அதன் உருவத்தை அமைக்கச் செய்தார் என்பர். எல்லாவற்றினும் எனக்கு வியப்பளிப்பது டட்லி ஸ்டாம்ப் 1930களில் நடத்திய நிலப்பயன்பாட்டு அளவை. பிரித்தானியாவின் வயல், காடு, மேய்ச்சல் நிலம் அனைத்தையும் துண்டுதுண்டாகப் படத்திற் குறிக்கும் வேலையை அவர் பல்லாயிரம் பாடசாலை மாணவரிடமும் ஆசிரியரிடமும் ஒப்படைத்தார். பிள்ளைகள் வரப்பில் நடந்து வரைந்த படங்கள் பின்னர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உணவுற்பத்தியைத் திட்டமிடப் பயன்பட்டன. இதே ஸ்டாம்ப் எழுதிய ஆசியாக் கண்டத்துப் புவியியல் நூல்களை நம்மவர் பரீட்சைக்காகப் படித்தனர். அவர் புத்தகம் இங்கு வந்தது. அவர் மாணவரை வயலுக்கு அனுப்பிய முறை கப்பலேறவில்லை.

தமிழ்மொழியில் இப்பாடம் நிலைபெற்ற வரலாறு தனியே எழுதத்தக்கது. ஈண்டுச் சிலவே கூறலாம். இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சையில் விஞ்ஞானப் பட்டம் பெற்றவரும், 1920களின் இறுதியிற் திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பை ஏற்றிருந்தவருமான சுவாமி விபுலாநந்தர், 1930களிற் சென்னையிற் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாகக் கலைச்சொற்கள் என்னும் தொகுதி 1938 இல் வெளிவந்தது. 1945 இல் இலவசக் கல்வி வந்தது; தாய்மொழி போதனாமொழியாகப் படிப்படியாக மேலேறி, 1960 அளவிற் பல்கலைக்கழகக் கலைப்பாடங்களை எட்டியது. அரசகரும மொழித் திணைக்களத்தார் சொற்றொகுதிகளையும் மொழிபெயர்ப்பு நூல்களையும் வெளியிட்டனர். அகலாங்கு, நெட்டாங்கு, சமவுயரக்கோடு, கழிமுகம், இடவிளக்கப்படம் என இன்று எம் மாணவர் வாயில் எளிதாக வழங்குஞ் சொற்கள் அக்காலத்தார் உழைப்பின் பயன். பேராசிரியர் குலரத்தினம் போன்றோர் பல்கலைக்கழகத்தில் இத்துறையை வளர்த்தனர். செங்கை ஆழியான் எனக் கதையுலகில் அறியப்பட்ட க. குணராசா, புவியியற் சிறப்புப் பட்டதாரியாய், தமிழ் மாணவர்க்கெனப் பல பாடநூல்களை எழுதினார். நூலகமற்ற ஊர்களிலே பரீட்சைக்குத் தோற்றிய எத்துணையோ பேர் அவர் நூல்களை மட்டுமே துணைகொண்டு தேறினர். வெளிவாரிப் பட்டத்திற்குப் படித்த என்போன்றோரும் அவர்களுள் அடங்குவர்.

சொல் தமிழாயிற்று, எதிர்பார்ப்பு அதே விரைவில் தமிழ்நிலத்துக்கு வந்துசேரவில்லை. 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வரலாறு, புவியியல், குடியியல் ஆகிய மூன்றையும் கனிட்ட இடைநிலை வகுப்புக்களிற் சமூகக் கல்வியாக ஒன்றாக்கியது. அதன் நோக்கம் பழுதன்று. மனிதனையும் அவன் வாழும் நிலத்தையும் பிரித்துப் படித்தல் செயற்கை என்றே அதனை வகுத்தோர் எண்ணினர். நடந்தது வேறு. படவேலை பொறுமை வேண்டுவது; வரலாறு படித்த ஆசிரியரும் குடியியல் படித்த ஆசிரியரும் அதனைக் கடைசித் தவணைக்குத் தள்ளினர்; கடைசித் தவணையோ மழைக்கும் பரீட்சைக்கும் உரியது. 2007 முதல் நடைமுறைக்கு வந்த கலைத்திட்டத்தில் ஆறாந் தரத்திலிருந்து புவியியல் மீண்டும் தனிப் பாடமாகியது. தேர்ச்சிகள் வகுக்கப்பட்டன, ஒப்படை, செயற்றிட்டம், கணிப்பீடு என்பன ஆசிரியர் வழிகாட்டியில் இடம்பெற்றன. பிள்ளை செய்து பார்க்கவேண்டும் என்பது முதன்முறையாக எழுத்தில் வந்தது. நடைமுறையில் ஒப்படை என்பது, பட்டணத்துப் புத்தகக்கடையில் வாங்கிய படங்களை மாட்டுத்தாளில் ஒட்டி, அட்டை போட்டு, ஒப்படைப்பது என்றாகிவிட்ட பாடசாலைகள் பல. எரிமலைப் படம் அழகாயிருந்தாற் புள்ளியும் அழகாயிருக்கும்.

முன்னர்க் குறித்த மற்றைக் காரணத்துக்கு இப்போது வருவோம். 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆந் தேதி காலை, இலங்கை நேரப்படி 7 மணி ஆவதற்குச் சற்று முன், சுமாத்திராவின் மேற்குக் கரைக்கப்பால் நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துள் ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைந்தது. நாட்டில் 30,000 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். ஈச்சிலம்பற்றுக் கரையும் அழிவுக்குத் தப்பவில்லை. அதே காலையிற் தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையிற் பெற்றோருடன் நின்ற ரில்லி ஸ்மித் என்னும் பத்து வயது ஆங்கிலச் சிறுமி, நீர் நுரைத்து இயல்புக்கு மாறாக அசைவதைக் கண்டு, அது சுனாமி என உணர்ந்து கூவினாள். இரு கிழமைக்கு முன்னர், இங்கிலாந்தின் சரே மாகாணத்துப் பாடசாலையொன்றில் அன்ட்ரூ கேர்னி என்னும் ஆசிரியர் புவியியல் வகுப்பில் அதனைக் கற்பித்திருந்தார். ஏறத்தாழ நூறு பேர் கரையைவிட்டு அகன்று உயிர்தப்பினர். இடைநிலை வகுப்பின் புவியியலிலிருந்து எதனை எதிர்பார்க்கலாம் என்ற வினாவுக்கு இதனினுந் தெளிவான விடையை நான் அறியேன்.

ஆயினும் இக்கதையை அப்படியே நம் வகுப்பிற் சொல்லி முடித்துவிடுதலும் ஆபத்து. கடல் உள்வாங்கினால் ஓடு என்பதே பலர் மனத்திற் பதிந்த பாடம். கடலடித்தளம் எழுந்தும் தாழ்ந்தும் பெயர்ந்த விதத்தால், அன்று கிழக்கே தாய்லாந்துப் பக்கம் முதலில் நீர் வற்றியது. மேற்கே இலங்கைப் பக்கம் முதலில் வந்து மோதியது உயர்ந்த அலையே. எமது கரையில் உள்வாங்கலைக் காத்து நிற்பவனுக்குக் காலம் இருந்திராது. தூரதேசத்துப் பாடம் சொந்தக் கரையில் வைத்துச் சோதிக்கப்படாவிடின் அது பாதி அறிவாகவே நிற்கும்.

எமது கரைக்கு வேண்டிய பாடம் கணக்கு. ஆழ்கடலில் இத்தகைய அலையின் வேகத்தை நீரின் ஆழமே தீர்மானிக்கும். 4,000 மீற்றர் ஆழத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர். அதிர்வின் மையத்திலிருந்து எமது கரை சுமார் 1,700 கிலோமீற்றர்; ஆனாற் பிளவு வடக்கே நிக்கோபார், அந்தமான் தீவுகள் வரை ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் நீண்டதாதலின், அலை புறப்பட்ட மிக அண்மையான இடம் 1,300 கிலோமீற்றர் அளவிலே இருந்தது. வகுத்தால் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். தேசப்படத் தொகுதியும் அடிமட்டமும் வகுத்தலும் தெரிந்த ஒன்பதாந் தர மாணவன் செய்யக்கூடிய கணக்கே இது. நெட்டாங்கிற்கேற்ப நேரம் மாறுதலைக் கற்பிக்கையிலும், சுமாத்திராவில் மணி எத்தனை, ஈச்சிலம்பற்றில் மணி எத்தனை என்று கேட்டாற் கிரீனிச் மணிக்கூட்டைவிட அது மனத்திற் தங்கும். கணக்கை முடித்த ஒரு மாணவி, அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் ஏன் எங்களுக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை என்று வினவினாள். இந்து சமுத்திரத்தில் அக்காலம் எச்சரிக்கை முறை அமைந்திருக்கவில்லை, பசிபிக் சமுத்திரத்திற்கே அஃது அமைந்திருந்தது என்று விடை கூறினேன். உலகப் புவியியலின் பெரியதோர் அதிகாரம் அவ்விடையுள் அடங்கியுள்ளது.

இத்தகைய கல்வியை முறைப்படி நடத்திக் காட்டியவர் யப்பானியர். கமைஷி என்னும் கரையோர நகரிற் பேராசிரியர் கதாதா பல்லாண்டு பாடசாலைகளோடு சேர்ந்து உழைத்தார். அச்சிட்ட ஆபத்துப் படத்தை முற்றாக நம்பாதிருத்தலையும், பிறர்க்கு முன்னே தாம் ஓடத் தொடங்குதலையும் மாணவர்க்குப் பழக்கினார். 2011 பங்குனி 11 இல் அலை வந்தபோது, கமைஷிக் கிழக்கு இடைநிலைப் பாடசாலை மாணவர் குறித்த இடத்திற் கூடி, அவ்விடம் போதாதெனக் கண்டு மேலும் மேலும் ஏறினர். அயலிலிருந்த ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளையுங் கைபிடித்து அழைத்துச் சென்றனர். நகரின் 3,000 அளவான மாணவருள் மிகப் பெரும்பாலோர் உயிர்தப்பினர். பாடசாலையின்றியும் இவ்வறிவு வாழலாம் என்பதற்குச் சுமாத்திராவை அடுத்த சிமெயுலுத் தீவு சான்று. 1907 இல் வந்த அலையைத் தாலாட்டிலும் கதையிலும் காத்துவந்த அத்தீவினர் 2004 இல் மலையேறினர். பல்லாயிரவருள் மாண்டோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே.

ஈச்சிலம்பற்றில் அத்தகைய தொடர்ச்சிக்கு இடமிருக்கவில்லை. ஆழிப்பேரலைக்குப் பின் இரண்டாண்டு நிறையுமுன்னே, 2006 இல், போர் காரணமாக ஊர் முழுவதும் பெயர்ந்து வாகரைக்கும் மட்டக்களப்புக்குஞ் சென்றது. மீள்குடியேற்றம் 2007 இல் நிகழ்ந்தது. எந்த வெள்ளம் எதுவரை வந்தது, எந்தக் கிணறு எப்போது உவர்த்தது என்று சொல்லவல்ல முதியோர் பலர் திரும்பி வரவில்லை. ஆதலால் இங்கு ஒப்படை என்பது மாட்டுத்தாளில் ஒட்டும் வேலையாக இருத்தல் ஆகாது என்பது என் துணிபு. வெருகலாற்றின் வெள்ளக் குறியைப் பாலத்தருகே மாரிதோறும் அளத்தல், மழைமானியைப் பேணி வடகீழ்ப் பருவக்காற்றின் மாதங்களைத் தாத்தாமாரின் வாடைக் கணக்கோடு ஒப்பிடுதல், கிணறுகளைப் படத்திற் குறித்தல் ஆகியன எம் வகுப்பிற் செய்யத்தக்கன. கழிமுகத்தைப் பற்றி எழுதுமுன் பிள்ளை ஒரு கழிமுகத்தில் நின்றிருக்கவேண்டும். நின்றிருப்பின், 1970 இல் வங்காளக் கழிமுகத்திற் புயல் ஏன் இலட்சக்கணக்கானோரைக் கொன்றது என்பதை அவனுக்கு விளக்க நீண்ட உரை வேண்டா. நைலும் மீகொங்கும் அதன்பின் தாமாகவே விளங்கும்.

க.பொ.த. சாதாரணதரப் பரீட்சையில் உலகப்படம் குறித்தலுக்கும் இடவிளக்கப்படம் வாசித்தலுக்கும் புள்ளி உண்டு. பெயர்களையும் பிள்ளைகள் கற்கவே வேண்டும். பெயர் தெரியாதவனுக்கு உலகம் வெறுந்தாள். ஆனால் 1:50,000 அளவுத்திட்டப் படத்தை விரித்து ஈச்சிலம்பற்றைத் தேடியபோது மாணவர் கண்டது இது: கரைக்கும் பாடசாலைக்கும் இடையே ஒரு சமவுயரக்கோடும் ஓடவில்லை. நிலம் அவ்வளவு தாழ்ந்தது. அலை வந்தால் ஓடவேண்டிய மேடு எது என்பதை அப்படம் சொல்லாது. ஆகவே மேசன்மார் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாயையும் இரு தடிகளையுங் கொண்டு, பாடசாலை வாயிலிலிருந்து கரைநோக்கி ஐம்பது அடிக்கு ஒருமுறை நிலத்தின் ஏற்றவிறக்கத்தை ஒன்பதாந் தரத்தார் அளந்துவருகின்றனர். இதுவரை மணல்மேட்டின் அடிவாரம் வரை அளவு குறிக்கப்பட்டுள்ளது. எஞ்சிய பகுதி மாரி மழை நின்றபின் அளக்கப்படும்.